கார்த்திகைக்குள் ஒரு குழாய்

குற்றாலத்தில் நாங்கள் புதுவீடு கட்டியபோது என் கணவர் கொழும்பில் இருந்தார். வேலையை மேற்பார்வையிட்டவள் நான். முட்டுக்கட்டை போட்டவர் என் மாமனார்.

தோப்பின் மேட்டில் ஓர் ஊற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சரிவில் குடம் சுமந்தேன். முந்தின வருஷ மழையில் வழுக்கி விழுந்து, வயிற்றில் இருந்த பிள்ளை போயிற்று. மறுபடி பிள்ளை தங்கியதும் சொல்லிவிட்டேன், புதுவீட்டு அடுக்களைக்குள் தண்ணீர் வந்தாக வேண்டுமென்று. இரும்புக் குழாய் இறக்கினால் ஊற்றுத் தண்ணீர் தானே ஓடிவரும். அதெல்லாம் சோம்பேறி ஆக்கும் சொகுசு என்றார் மாமனார்.

குழாயைச் சுவருக்குள் பதித்த பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. தையில் பால்காய்ப்பு. பால் காய்ச்சிய வீட்டின் சுவரை உடைக்க எங்களில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மார்கழியை விட்டால் என்றைக்கும் குழாய் கிடையாது.

கார்த்திகை அடைமழையில் மலைப்பாதை சரிந்து, குழாய் பொருத்தப் புனலூரிலிருந்து வரவேண்டிய பிட்டர் வரவில்லை. குழாய்கள் மட்டும் முன்பே வந்து கிடந்தன. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது, தை பிறக்கட்டும் என்று மாமனார் நிம்மதியாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார்த்திகை கடைசி நாளில் கொத்தனாரைக் கூப்பிட்டு, அடுக்களைச் சுவரில் ஒரு குழாயை நிறுத்திப் பதிக்கச் சொன்னேன். மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தேன். மாமனார் குடையோடு வந்து நின்றார்.

"என்னட்டி செய்யுத?"

"வேலையத் தொடங்கியாச்சு மாமா. மார்கழில தொடங்கத்தான கூடாது? நடக்குத வேலைய நிறுத்தணும்னு யாரும் சொல்லலியே."

அவர் குடையோடு திரும்பி நடந்தார்.

மார்கழியில் வந்த பிட்டர் அந்தக் குழாயைப் பார்த்துச் சிரித்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வரவேண்டியதை வாசல்நிலையோரம் வைத்திருந்தேன். பூஜை போட்டதைப் பிடுங்கினால் மாமனாருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்துவிடும். அது அங்கேயே இருக்கட்டும், மற்றதை அதனோடு கொண்டுவந்து சேருங்கள் என்றேன். இன்றும் எங்கள் அடுக்களைக்குள் நுழைபவர்கள் அதில் இடித்துக்கொள்கிறார்கள். பார்த்து வரட்டும்.

பால்காய்ப்பன்று மாமனார் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்துவந்து குழாயைத் திறந்து காட்டினார்.

"நாந்தான் கார்த்திகையிலேயே தொடங்கச் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச வாயெடுத்தேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது.

"ஆமா மாமா" என்றேன். வெளியே மழை பிடித்திருந்தது. அன்று காலை நான் அந்தச் சரிவில் ஏறவில்லை.