இரண்டு கேத்திகள்

கேத்தி ஃபெர்ன் என்று பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த பாடகியின் உண்மைப் பெயர் ஒடீல் வானூத். வடக்கே தூர்குவானில் பிறந்தவள். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. 1964 கோடையில் ஊர்ச் சந்தைப் பாட்டுப் போட்டியில் பதினேழு வயதில் பாடி, ஒரு தையல் இயந்திரம் ஜெயித்தாள். பாரிஸிலிருந்து வந்திருந்த மொர்வான் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் அன்று கூட்டத்தில் இருந்தார். பத்தே நாளில் தையல் இயந்திரத்தை அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் பாரிஸுக்குப் போய்விட்டாள்.

நான் ரெமி. பக்கத்து ஊர் ரூபேக்காரன். அவள் குழுவில் டிரம் வாசித்தேன்.

“ஒடீல் வானூத்தா? போஸ்டர்ல யாரு இதைப் படிப்பா?” என்றார் மொர்வான் முதல் நாளே. “இனிமே நீ கேத்தி ஃபெர்ன்.”

“எங்கப்பாவுக்கு அது வாயில நுழையாது, முசியே.”

“ரெக்கார்டு வாங்கப்போறது உங்கப்பாவா?”

அந்தக் காலத்தில் பாட வந்த பிள்ளைகள் எல்லோரும் இங்கிலீஷ் பெயர்தான் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் மொர்வானின் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவள் மைனர் என்பதால் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். இருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை.

‘மூணு பஸ் போயிடுச்சு’ என்ற பாட்டு அவளைத் தூக்கி நிறுத்தியது. ஒரு பையனைப் பார்ப்பதற்காக நிறுத்தத்தில் நின்று மூன்று பேருந்துகளை விட்டுவிடும் பெண்ணின் பாட்டு. துள்ளலான தாளம். இரண்டு நிமிடம் பத்து வினாடி. 1966 தொடக்கத்தில் அது ஒலிக்காத காபிக் கடை இல்லை.

அந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் நேரடி நிகழ்ச்சி. ஒரு மணி இருக்கும். அறையில் நானும் மொர்வானும் மட்டும். பக்கத்து அறையில் அவளுக்கு முடி சுருட்டிக்கொண்டிருந்தார்கள். போன் வந்தது. மொர்வான் எடுத்தார். தூர்குவானில் அவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மதுக்கடைக்காரர் பேசினார். பந்தயத்துக்கு விட்ட புறாக்களுக்காகக் கொல்லையில் வானத்தைப் பார்த்தபடி நின்ற அவள் அப்பா அப்படியே சரிந்துவிட்டார். உயிர் இல்லை.

மொர்வான் போனை வைத்தார். என்னைப் பார்த்தார்.

“நிகழ்ச்சி முடிஞ்சதும் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா அந்த ஆளு எழுந்து வந்துடுவாரா? நீ வாயைத் திறக்காதே.”

நான் திறக்கவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

அவள் பாடினாள், சிரித்தாள், மூன்றாவது பேருந்துக்குக் கையசைத்தாள். பின்னால் உட்கார்ந்து நான் தாளம் தட்டினேன். மேடையை விட்டு இறங்கியதும் மொர்வான் அவளை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார்.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

“பதினொன்னு, பதினொன்றரை.”

“அப்ப நான் ஒத்திகையில இருந்தேன்.”

அவ்வளவுதான். ஒட்டு இமைமுடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அடக்கத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனாள். கண்ணாடிக்குள் கண்ணீர் என்று பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள். காலணி கடித்ததுதான் தனக்குத் தெரிந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் மூன்று வருடம், ஊர் ஊராக அதே பாட்டு. ஒரு சுருதி பிசகியதில்லை. ஒருநாள் மேடைக்குப் போகும்போது சொன்னாள்: “பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கு ரெமி. உதடு எங்க இருக்குன்னே தெரியலை. ஆனா பாட்டு மட்டும் வந்துடுது.”

1969இல் மொர்வானிடம் ஆறு மாதம் ஓய்வு கேட்டாள். “தாராளமா எடுத்துக்கோ” என்றார். இரண்டாம் மாதமே தொலைக்காட்சியில் கேத்தி ஃபெர்ன் வந்தாள். அதே நெற்றி முடி, அதே வெள்ளை பூட்ஸ், வேறு பெண். அம்மா கத்திக் கூப்பாடு போட்டாள். வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார். ஒடீல் மட்டும், “நல்லாத்தான் பாடுறா” என்றாள்.

ஊருக்குத் திரும்பி ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்து வருடம் அங்கேதான் நின்றாள். டிராம் ஓட்டும் ஓகுஸ்தென் என்ற மனிதரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், 1990இல் போய்ச் சேர்ந்தார். சட்டை வாங்க வருகிறவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

“நீங்க கேத்தி ஃபெர்ன்தானே?”

“அவங்க சனிக்கிழமை டிவில வராங்க. நாங்க சனிக்கிழமை கடை திறந்திருப்போம்.”

1994இல் பழைய பாடகர்களைத் திரட்டி ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் அவளைத் தேடி வந்தார். மொர்வானும் இல்லை, கம்பெனியும் இல்லை. பெயருக்கு உரிமை கேட்க ஆளில்லை. அவர் இரண்டு கேத்திகளையும் கூப்பிட்டிருந்தார். ஒடீல் யோசிக்காமல் சரி என்றாள். நான் டிரம் வாசித்ததோடு வேனையும் ஓட்டினேன்.

அமியானில் ஒப்பனை அறையில்தான் இருவரும் முதல்முறை சந்தித்தார்கள். இரண்டாம் கேத்தியின் பெயர் மாரிவோன். பிரெஸ்ட் பக்கம், மீனவர் வீட்டுப் பெண். பருத்த உடம்பு, பெரிய குரல்.

“என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடு. மேடையில வேணாம்” என்றாள்.

“எதுக்குத் திட்டணும்?”

“உன் பேரு, உன் பாட்டு, உன் முடி. அது மட்டுமா? பேட்டிக்குப் போனா உன் அப்பாவையும் எனக்குக் கொடுத்துட்டாங்க. ‘அப்பா செத்த அன்னிக்கும் பாடினீங்களாமே’ன்னு கேப்பாங்க. எங்கப்பா பிரெஸ்ட்ல நல்லா குடிச்சிட்டு உக்காந்திருப்பாரு. நான் உன் அப்பாவுக்காக அழுவேன்.”

“நிஜமாவா அழுத?”

“முதல்ல நடிப்புதான். அப்புறம் நிஜமாவே வந்துடும். அந்தப் புறாவெல்லாம் திரும்பி வந்து இறங்கியிருக்குமேன்னு நினைச்சா தாங்காது. ஒன்பது வருஷம் அழுதேன், போ.”

“யாராவது அழுதாங்களே. எனக்கு வரவே இல்லை” என்றாள் ஒடீல். சொல்லிவிட்டு உதட்டுச் சாயத்தை மாரிவோன் பக்கம் நகர்த்தினாள்.

அன்று பாட்டின் முதல் பாதியை ஒருத்தியும் மறு பாதியை மற்றவளும் பாடினார்கள். கூட்டம் எழுந்து நின்றது.

திரும்பும் வழியில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒடீல் திடீரென்று கேட்டாள்.

“அன்னிக்கு உனக்கும் முன்னாடியே தெரியும்தானே ரெமி?”

“தெரியும்” என்றேன்.

“சரி. அடுத்த பங்க்ல நிறுத்து. காபி குடிக்கணும்.”

என்னைத் திட்டியிருக்கலாம். அன்றும் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை.

மூன்று வருடம் அப்படி ஓடியது. அப்புறம் மாரிவோனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து நிற்க முடியாமல் போனது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒடீல் அவளைத் தூர்குவானுக்கே கூட்டிவந்து கீழ் அறையைக் கொடுத்தாள். இப்போது ஜன்னல் விஷயத்தில்தான் சண்டை. மாரிவோனுக்குக் கடற்காற்று பழக்கம், ஜனவரியிலும் திறப்பாள். ஒடீல் வந்து மூடிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவாள். மாரிவோன் கைத்தடியை ஊன்றி எழுந்து மறுபடி திறப்பாள்.