அனா நடந்து காட்டிய நாள்

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய குவேக்கர்ஸ் ஹில்லில் அக்காவின் மகள் அனா படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போனால், ஆசிரியை எழுந்து வந்து கதிரை இழுத்துப் போடுவார். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். அக்காவுக்கு இரண்டும் ஒத்துவராது. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு "மிஸ்" என்றே சொல்வாள். மற்றதெல்லாம் நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். அனாவுக்குப் பிறவியிலேயே கால்களில் பலமில்லை. உருளும் வோக்கரைப் பிடித்துத்தான் நடப்பாள். வகுப்பில் அவளுக்கென்று ஓர் உதவியாளர் இருக்கிறார். அவர் அடுத்த ஆண்டும் வருவாரா என்று பேசத்தான் அன்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைக்கு எது முடியவில்லையோ அதற்கேற்ற நியாயமான மாற்றத்தைப் பள்ளிக்கூடம்தான் செய்யவேண்டும், இங்கே சட்டமே அப்படித்தான் என்று வழியெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன். "ஓம், ஓம்" என்றாள்.

ஆனால் அறைவாசலில் அக்கா வோக்கரைப் பறித்து வைத்துவிட்டுப் பிள்ளையைத் தனியே நடக்க விட்டாள். அனா பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை வந்து சேர்ந்தாள். ஆசிரியை மகிழ்ந்துபோய், இவ்வளவு முன்னேற்றமென்றால் உதவியாளரின் நேரத்தைக் குறைக்கலாமே என்றார். அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்த அக்கா என் காதில் கேட்டாள்: "பாஸ் பண்ணிட்டாள், என்ன?"

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அக்காவைப் புரியும். மன்னாரில் எங்கள் சின்னண்ணனுக்குக் காய்ச்சலோடு ஒரு கால் விளங்காமல் போனது. நடந்து வந்தால் சேர்க்கிறேன் என்றார் பள்ளிக்கூட அதிபர். பின்னேரங்களில் கோயில் மதிலோரம் வீடே கூடி அவனை நடக்கப் பழக்கியது. வலை இழுத்துவிட்டுப் போகிறவர்கள், "என்னடா, ரேசுக்கோ?" என்று பகிடி விடுவார்கள். "ஓம், உங்கட மாட்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பான். மீன் மணக்கும் அந்தக் காற்றும் அவனுடைய சிரிப்பும், சின்னப் பிள்ளையாய் நின்ற எனக்குத் திருவிழாதான். இன்றும் நினைத்தால் இனிக்கிறது. அதிபரின் முன்னால் அவன் விழுந்தான்; பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள அக்காவும் படிப்பை விட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான்.

நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன்: "அக்கா, நடந்தாளெண்டா உதவியைக் குறைச்சுப்போடுவினம். ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"பிள்ளையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, தாய் நானே அவளுக்கு ஏலாது எண்டு சொல்லுறதோ? போடா!"

நாங்கள் முணுமுணுப்பதைப் பார்த்த ஆசிரியை அனாவையே கேட்டார். ஊரில் யாரும் சின்னண்ணனைக் கேட்டதில்லை. அம்மாவுக்காக நடந்தேன், கால் நோகிறது, படியேறவும் டொய்லட்டுக்குப் போகவும் ஆள் வேண்டும் என்று அனா ஆங்கிலத்தில் சொன்னாள். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக. எதையும் குறைக்கவில்லை என்றார் ஆசிரியை. நான் மொழிபெயர்க்கும் முன்பே அக்கா எழுந்துபோய், வோக்கரை எடுத்துவந்து மகளின் கைக்கருகில் வைத்தாள்.

வெளியே வந்ததும் அக்கா மகளிடம் கேட்டாள்: "மிஸ்ஸுக்கு முன்னால அப்பிடிச் சொல்ல வெக்கமா இல்லையோடி?"

"வொய், அம்மா?" என்று ஆங்கிலத்திலேயே திருப்பிக் கேட்டாள் அனா.

ஒரு கல்லும் இடறாத நடைபாதையில் அனா கடகடவென்று உருட்டிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டாள். அக்கா மட்டும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, விழப்போகிற யாரையோ பிடிப்பதற்காகப்போல, மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.