லைட் ஜாப் வண்டி

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் 'லைட்' என்ற சொல்லை யாரும் லேசாகச் சொல்லிவிடமாட்டார்கள். சுரங்கத்தில் உடம்பு கெட்டுப்போன ஒருவரை டாக்டர்கள் பார்த்து, இனி இவரால் பாரம் தூக்க முடியாது என்று எழுதிவிட்டால், அதற்கப்புறம் அவருக்குக் கொடுக்கிற வேலைக்குப் பெயர் லைட் ஜாப். சம்பளம் வரும், குவார்ட்டர்ஸ் இருக்கும், ஷிப்ட் பஸ்ஸில் அதே சீட்டும் இருக்கும். ஆனால் "அவரு லைட் ஜாப்புங்க" என்று சொல்லும்போது சொல்கிறவர் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கும், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

நான் கன்வேயர் பெல்ட் பக்கத்து ஆள். மண்ணும் கரியும் ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் உருளுகிற ரோலர்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. இடுப்பில் டிஸ்க் போனதும் என்னை டூல் ரூமில் உட்காரவைத்தார்கள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வந்தால் வாங்கி வைப்பேன். கூட வேலை பார்த்த ஒருத்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உனக்கென்னப்பா, ஃபேனுக்கடியில மாப்பிள்ளை" என்பார். நானும் சிரிப்பேன். ஆள் நல்ல ஆள். வாய்தான் அப்படி.

மைன்ஸில் என் பாரத்தை இறக்கி வைத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் ஒரு பாரம் மிச்சம் இருந்தது. தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். இரண்டு பக்கமும் பெட்டி, மெத்தை மாதிரி சீட், காலால் மிதித்து சென்டர் ஸ்டாண்டு போடுவதற்கே ஒரு தனி பலம் வேண்டும். அதைப் பார்த்த அன்றைக்கே என் மனைவி எருமை என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் மேல்பட்டாம்பாக்கத்தில் பயிர்வைத்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் வாயில் எருமை என்பது திட்டு இல்லை. "எங்க வூட்ல ஒண்ணு இருந்திச்சி, இப்படித்தான், வழிய மறிச்சிகினு நிக்கும். ஆனா அதும்மேல ஏறி ஒக்காந்தா ராணி மாதிரி இருக்கும்" என்றாள்.

பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் பூட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். கொல்லிமலை வளைவுகள், வால்பாறை மழை, ராமேஸ்வரத்துக் காற்று எல்லாம் எங்களுக்கு அந்த வண்டி காட்டியதுதான். அவள் புளிசாதம் கட்டிக்கொண்டு பின்னால் உட்காருவாள். இடது கை என் இடது தோளில் இருக்கும். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் கையால்தான் பேசுவாள். ஒரு அமுக்கு என்றால் மெதுவாகப் போகணும். இரண்டு அமுக்கு என்றால் டீ. ஒன்றும் அமுக்காமல் கை சும்மா கிடந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சும்மாதான் கிடக்கும்.

விழுந்தது மலையில் இல்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பண்ருட்டி தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். ஜல்லி சிதறிக் கிடந்த சரிவு அது. இடது காலை ஊன்றிய நேரத்தில் இடுப்பில் ஒரு மின்னல் வெட்டிற்று. கால் மடங்கியது. சாய ஆரம்பித்த எருமையை யாரால் நிமிர்த்த முடியும்? அது அவசரமே இல்லாமல், படுக்கப் போகிற மாடு மாதிரி, மெதுவாகச் சாய்ந்தது. புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அவள் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது.

கேட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "ஓடற வண்டி வுழுந்து பாத்துகினுதான் இருக்கோம். நின்ன வண்டி வுழுந்து இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார். வேறு சமயமாக இருந்தால் அந்த வாக்கியத்தை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் வண்டியில் ஏறவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு, பேச்சு, டிவி எல்லாம் வழக்கம்போல. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டால் மட்டும், "நீங்க முன்னாடி போங்க, நான் ஷேர் ஆட்டோல வந்துடறேன்" என்பாள். அவள் ஆட்டோவிலும் நான் பின்னாலேயே எருமையிலுமாக, ஒரே காய்கறிக் கடைக்குத் தனித்தனியாகப் போய்ச் சேருவோம்.

அதனால்தான் விற்றேன். இடுப்புக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அவள் மறுபடி பின்னால் உட்காரவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. லேசான வண்டி வாங்கினால் உட்காருவாள் என்று நினைத்தேன்.

வாங்க வந்தவர் புதுச்சேரிக்காரர், முப்பது வயதிருக்கும். ஸ்டாண்டிலிருந்து வண்டியை ஒரு உலுக்கில் இறக்கினார். நான் பார்வையை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் மனைவி கதவருகில் நின்றுகொண்டு அவரைக் கேட்டாள்:

"தம்பி, பின்னாடி யாராவது ஒக்காருவாங்களா?"

"இல்லக்கா. நான் தனியாத்தான் சுத்துவேன்."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

மறுவாரம் புது வண்டி வந்தது. சின்னது. பால்காரர், கொரியர்க்காரர் எல்லாரும் ஓட்டுகிற ரகம். ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம். டவுன்ஷிப்பில் பிளாக்குகளுக்கு வட்டம் என்று பெயர். எங்கள் வட்டத்தில் எதிர்வீட்டுக்காரர் மதுரைக்காரர், அவர் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, வண்டிக்கும் லைட் ஜாப் போட்டுட்டாய்ங்களா?"

"ஆமாய்யா, மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னுட்டாங்க."

"பென்சனாவது உண்டா அதுக்கு?"

இரண்டு பேரும் சிரித்தோம். மாலைக்குள் வட்டம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. எருமைக்கு அவள் பெயர் வைத்தாள், இதற்கு ஊர் வைத்தது. வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல்லை நாங்கள் இரண்டு பேரும் சொன்னதில்லை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்பக்கத்தை ஒரு கையால் அரையடி தூக்கி வைத்தேன், டாக்டர் கேட்டால் திட்டுவார். "பாரு, பாதிகூட இல்ல கனம். இது சாஞ்சாலும் ஒரு கால்ல தாங்கிடுவேன்."

அவள் சீட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது அவள் உட்காரும் பகுதி.

"வண்டி மாறிச்சி. ஒக்கார்றது அதே ரெண்டு பேருதான?" என்றாள்.

சரிதானே அவள் கேட்டது. கனம் குறைந்தது வண்டியில். இடுப்பு அதே இடுப்புதான்.

இங்கே காலையில் வண்டி எடுக்கிற யாரும் முதலில் துணியைத்தான் எடுப்பார்கள். அனல்மின் நிலையத்திலிருந்து இரவெல்லாம் காற்றில் வருகிற சாம்பல் சீட்டில் படிந்திருக்கும். முன்சீட்டைத் துடைத்தால் போதும் எனக்கு. ஆனால் பின்சீட்டையும் துடைப்பேன், ஓரம்வரைக்கும் இழுத்து. ஒருநாள் அவள் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் போயிற்று. பனி வந்தது. பின்சீட் புதிதாகவே இருந்தது.

தை மாதத்தில் ஒரு விடிகாலை, அவள் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. அண்ணனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வாங்க. ஆட்டோக்காரர் போன் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எடுங்க" என்றாள்.

துடைக்கவும் இல்லை. அப்படியே ஏறினோம். வடக்குத்து தாண்டுகிறவரை பனியில் எதிரில் ஒன்றும் தெரியவில்லை. என் தோளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கை வரவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "குளுருதா?" என்று கத்திக் கேட்டேன். "ரோட்டப் பாருங்க" என்றாள்.

பண்ருட்டி தாண்டி அந்த கேட் வந்தது. மூடியிருந்தது. வேகத்தைக் குறைத்து, அதே சரிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் இருந்து சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க. நான் எறங்கிக்கறேன்."

"உங்கண்ணன்..."

"எறங்கிக்கறேன்னு சொல்றேன் இல்ல?"

சமதரையிலேயே நிறுத்தினேன். இறங்கிக்கொண்டாள். ரயில் போயிற்று. கேட் தூக்கினார்கள். கார்களும் கரும்பு டிராக்டரும் போவதற்கு வழிவிட்டு ஓரமாக, புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் தண்டவாளத்தை நடந்து கடந்தாள். நான் வண்டியில் தனியாகக் கடந்து அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தேன். அண்ணன் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிற நேரம். அப்போதும் அந்த இடத்தில் அவளால் என் பின்னால் உட்கார முடியவில்லை. நிதானமாக வந்து ஏறிக்கொண்டாள். "போங்க" என்றாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டாராம். போனில் சொல்லவேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். வாசலில் பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பை உதறிவிட்டு அழுதுகொண்டே உள்ளே ஓடினாள்.

நான் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அதன் ஸ்டாண்டைப் போடக் கால்விரல் போதும். நிமிரும்போதுதான் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி உண்டு. துடைக்காமல் வந்ததால் அதன்மேல் நெய்வேலிச் சாம்பல் பனியில் ஊறி அப்பிக்கொண்டு இருந்தது. அதில் நாலு விரல் பதிந்திருந்தது. வழியெல்லாம் அவ்வளவு அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

காரியம் முடிகிறவரை அவள் அங்கேயே தங்கினாள். காரியத்தன்று, "நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள். நான் சரி என்றேன்.

அண்ணனை எடுத்த அன்றே, சுடுகாடு போய்த் திரும்பி, ராத்திரி தங்காமல் டூட்டிக்காக நான் மட்டும் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். மறுநாள் காலையில் துணியோடு வாசலுக்கு வந்து சீட்டை முழுக்கத் துடைத்தேன். கம்பியை மட்டும் தொடவில்லை. விரல் இருந்த இடத்தில் புதுச் சாம்பல் விழுந்திருந்தது.