இரண்டு காப்பிக்கு வாக்கப்பட்டவள்

நம்போசோ பிறந்து வளர்ந்தது எல்கான் மலைச்சரிவில். வாழைத்தார் ஏற்ற லாரியோடு வந்த செகாண்டியைக் கட்டிக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் மசாக்காப் பக்கத்துச் சமவெளிக்குக் குடிவந்தாள். பேச்சு வேறு, சமையல் வேறு என்று தெரிந்துதான் வந்தாள். காப்பி மட்டும் தெரிந்த சங்கதி என்று தைரியமாக இருந்தாள். அதுதான் முதலில் காலை வாரியது.

வந்த அன்று மாமியார் ஒரு சின்னக் கூடையை நீட்டினாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் மரியாதையாக அழைக்கும். கூடையில் உலர்ந்த காப்பிப் பழங்கள். மண்டியிட்டு வணங்கியிருந்த நம்போசோ இரண்டு கையாலும் ஒரு பிடி வாங்கினாள். புது மருமகளுக்கு நட்டு வளர்க்க விதை கொடுக்கிறார்கள் போலும் என்று இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். மற்றவர்கள் அதை வாயில் போட்டு மென்றதை, குனிந்த தலை நிமிராததால் அவள் பார்க்கவில்லை.

மறுநாளே அடுக்களைக்குப் பின்னால் பாத்தி கட்டி நட்டாள். மழை பெய்தது. களை முளைத்தது. காப்பி முளைக்கவில்லை.

"என்னத்துக்கும்மா தெனமும் தண்ணி காட்டுற?" என்று நாலோங்கோ கேட்டாள்.

"நீங்க குடுத்த வெதைதான் அத்தே. என்னமோ மொளைக்கவே மாட்டேங்குது."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி மகராசி! அது பச்சிலை போட்டு வேகவெச்சுக் காயவெச்சது. வீட்டுக்கு வந்தவங்க மெல்லுறதுக்கு! அவிச்ச கடலைய வெதைச்சா மொளைக்குமா?"

தோட்டத்துக்குப் போனால் அங்கேயும் குழப்பம். வாழை நிழலில் நின்ற மரங்களின் இலை அவள் கையைவிட அகலம். பழங்கள் கணுவுக்குக் கணு நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"இது நெஜமாவே காப்பிதானா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பின்ன கத்திரிக்காயா? உங்க மலையில இருக்கறது அராபிகா, அதுக்குக் குளிரு வேணும். இது ரொபஸ்டா, சூட்டைத் தாங்கும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு செகாண்டி லாரியேறிப் போனான்.

அவன் சொன்ன அவ்வளவு போதவில்லை. பழம் சிவக்கத் தொடங்கியபோது மாமியார் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மலையில் பழுத்ததை உடனே பறிக்காவிட்டால் உதிர்ந்து மண்ணோடு போகும். நம்போசோ பதறிப்போய்ப் பழுத்தது, பாதி பழுத்தது எல்லாவற்றையும் பறித்தாள். தோலை விரலால் பிதுக்கி, கொட்டைகளைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். எத்தனை கழுவியும் வழவழப்பு விடவில்லை.

பக்கத்து வீட்டு நஜ்ஜுக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, காப்பிக்கு ஞானஸ்நானம் பண்றியா?"

"ஊறவெச்சுக் கழுவ வேணாமாக்கா?"

"எதுக்கு? நாங்க பழத்தோட அப்படியே வெயில்ல காயப்போடுவோம். அவசரமும் இல்ல. இது பழுத்தாலும் கொம்பைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும்."

நாலோங்கோ திரும்பி வந்தபோது பானையில் புளித்த வாடை. "ஒரு கூடைப் பழத்தையும் கூழாக்கி வெச்சிருக்கியே!" என்று தலையில் கை வைத்தாள்.

நம்போசோவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பேரை மட்டும் ஒண்ணா வெச்சுக்கிட்டு, எல்லாத்தையும் தலைகீழா செஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

"நாங்க நேராத்தான் நிக்கிறோம். உங்க மலைதான் சாஞ்சு கெடக்கு!"

கெடாமல் தப்பியதில் ஒரு பிடியைக் காயவைத்து, வறுத்து, இடித்து, காய்ச்சிப் பார்த்தாள். மலைக்கொட்டை நீளவாக்கில் இருக்கும், நடுக்கோடு நெளிந்து ஓடும். இதுவோ உருண்டை, கோடு நேர். ஒரு கோப்பைதான் குடித்தாள். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு படபடத்தது. எங்கள் ஊர்க் காப்பி என்றால் இப்படியா என்று ஏங்கிப்போனாள். ஆனாலும் வேறு வழியில்லாமல் அதையே குடித்து வந்தாள்.

மலையில் வாலிபம் எட்டிய பையன்களுக்கு ஊர்கூடிச் செய்யும் சுன்னத்துத் திருவிழாவில் தம்பியின் முறை வந்தபோதுதான் தாய்வீடு போனாள். அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஆசையாகக் காப்பி கலந்து கொடுத்தாள். பழ வாசனை மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தவள், கண்ணைத் திறந்து கோப்பைக்குள் பார்த்தாள்.

"என்னம்மா, தண்ணியா இருக்கு? புளிக்குது வேற."

"அதே மரம், அதே சட்டி. போன எடத்துல உன் நாக்கை மாத்திட்டாங்களா?"

நம்போசோ இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தாள். இப்போது நன்றாக இருந்தது போலவும் இருந்தது, ஏதோ குறைந்தது போலவும் இருந்தது. திருவிழாக் கொட்டுச் சத்தத்தில் அவள் மட்டும் வெறும் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

மசாக்கா திரும்பியதும் நாலோங்கோ விடவில்லை. "இப்ப சொல்லு. உங்க காப்பி நல்லதா, எங்களதா?"

"உங்களதுக்கு வேகம் அத்தே. எங்களதுக்கு..." என்று தொடங்கி, கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்து விட்டுவிட்டாள். "தெரியலத்தே. ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் குடிச்சாத்தான் வெளங்கும்."

"குடிச்சா இன்னும் கொழம்புவ" என்ற மாமியார், நஜ்ஜுக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று பேருக்கும் தேநீர் போட்டாள்.