மருதாம்பாளின் முப்பத்தெட்டு கிலோ

தேயிலை விலை விழுந்த வருஷம், ஓவேலிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையைப் பூட்டி, ஆயாவையும் நிறுத்திவிட்டார்கள். வாசுகி தன் எட்டு மாதப் பையனைச் செடி நிழலில் கிடத்திவிட்டுக் கொழுந்து பறித்தாள். ஒரு நாள் அவன் காதோரம் அட்டை ஏறிவிட்டது.

அதைப் பிடுங்கி எறிந்தவள் பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த மருதாம்பாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். ஐம்பது வயது, தனிக்கட்டை.

"நாளையிலருந்து புள்ளைகள என் வீட்டுக் காம்பராவுல விடுங்க. அட்டைக்குப் போடவா பெத்தீங்க?"

"உங்க பேரு போயிருமேங்க" என்றாள் வாசுகி. கொழுந்து நிறுத்தால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பேர் விழும்.

அதற்குக் கைக்குழந்தை வைத்திருந்த ஒன்பது தாய்மாரும் ஒரு வழி கண்டார்கள். மருதாம்பாளின் சாக்கில் ஆளுக்குக் கொஞ்சம் கொழுந்து போட்டார்கள். மாலை நிறுவைக்கு மட்டும் அவள் வந்து நின்றாள். சூப்பர்வைசர் தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டார்.

மழை பெய்து கொழுந்து பொங்கிய ஒரு நாள், மற்றவள் குறைத்துப் போட்டிருப்பாளோ என்று ஒவ்வொருத்தியும் கூடுதலாகப் போட்டுவிட்டாள். தராசு முப்பத்தெட்டு கிலோ காட்டியது. எஸ்டேட்டின் அந்த டிவிஷனில் யாரும் அவ்வளவு பறித்ததில்லை.

மறுநாள் காலை மேனேஜர் விஜயபாஸ்கரே தேயிலைக் காட்டுக்கு வந்துவிட்டார். "யாரும்மா மருதாம்பாள்? பார்க்கணும்."

விஷயம் வெளியே வந்தால் மருதாம்பாளுக்கு வேலை போகும். பிள்ளைகள் மறுபடி செடியடிக்குத்தான். வாசுகி அதிகம் பேசுகிறவள் அல்ல; அன்று அவள்தான் முன்னால் வந்தாள்.

"அவங்க கொழுந்து பறிக்கறதில்லைங்க. எங்க குழந்தைகளப் பாத்துக்கறாங்க. நாங்கதான் போட்டோம். அவங்கள நிறுத்துனா நாங்க ஒம்பது பேரும் வர முடியாதுங்க."

ஏற்கெனவே எஸ்டேட் ஆட்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். மேனேஜர் தொழிலாளர் வீடுகள் இருந்த லைனை நோக்கி நடந்தார். வாசுகியும் பின்னாலேயே போனாள்.

உள்ளே மருதாம்பாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "கும்பிடுறேன் தொர. எழும்ப ஏலாது, மடியில ரெண்டு தூங்குது."

அவர் குனிந்து மடியில் தூங்கிய பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பூட்டிய அறையின் சாவியைக் கொண்டுவரச் சொன்னார். "இனிச் சாக்குல ஒரு இலைகூடப் போடக் கூடாது. பேர் நான் போடறேன்."

மருதாம்பாள் பதினாறு வருஷம் அந்த அறையில் இருந்தாள். அவளைக் காட்டித்தான் பக்கத்து டிவிஷன் பெண்களும் தங்களுக்கு ஓர் அறை கேட்டு வாங்கினார்கள்.

சாவி வந்த அன்று மாலை வாசுகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் புள்ள" என்றாள் மருதாம்பாள். "நாளைக்கு இன்னும் ரெண்டு துணி சேத்துக் குடுத்து அனுப்பு. ஒம்மவன் ஒரு நாளைக்கு நாலு நனைக்கிறான்."