சாமியாடியின் கிறுகிறுப்பு

முத்துத்தாயின் புருஷன் பேயாண்டிக்கு எழுபதைத் தொடும் வயதில் கிறுகிறுப்பு வந்தது. கட்டிலில் புரண்டு படுத்தால் போதும், வீடே சுற்றியது. வேறு ஆளாக இருந்தால் இது ஒரு நோய், அவ்வளவுதான். பேயாண்டியோ கருப்பசாமிக்கு ஆடுகிறவர். சாமி அரிவாள் அவருடைய அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறது. தலை சுற்றுகிற ஆள் என்று தெரிந்தால் அதைப் பங்காளி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

"வெளிய மூச்சு விட்ட, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று பொண்டாட்டியின் வாயைக் கட்டினார்.

ஆரப்பாளையத்தில் பிசியோதெரபி பார்க்கிற அம்மா மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. காதுக்குள் பொடிக்கல் இடம் மாறியிருக்கிறது, தலையைத் திருப்பியே சரிசெய்யலாம் என்றாள். உட்காரவைத்துத் தலையை ஒருபக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கட்டிலுக்கு வெளியே தொங்கிய தலையைத் தாங்கிக்கொண்டாள். சுற்று அடங்கியதும் மெல்ல மறுபக்கம் திருப்பினாள். முத்துத்தாய்க்கும் சொல்லிக்கொடுத்தாள். முழுசாகக் குணமாகும்வரை அண்ணாந்து பார்க்கக் கூடாது, தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள். அந்த முரட்டு மனுஷன் அவள் உள்ளங்கையில் தலையைக் கொடுத்துவிட்டுக் கிடந்தார். வைத்தியம் கேட்கத்தான் செய்தது. சுவரைப் பிடிக்காமல் கொல்லைக்குப் போய்வந்தார்.

முழுசாகத் தேறுவதற்குள் கருப்பசாமி கோயில் கும்பிடு வந்துவிட்டது. இந்த வருஷம் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று முத்துத்தாய் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கேட்கிற ஆளா அவர்?

உறுமி அதிர, இரண்டு பேர் தூக்கிப் பிடித்த அரிவாள்மேல் ஏறி நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். கருவிழி ஒருபக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. கட்டிலில் அவள் தினமும் பார்த்த கண் அது. கை காற்றில் சுவரைத் தேடியது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். செல்போனில் படம்பிடித்தவர்கள்கூட மரியாதையாகப் பின்னால் நகர்ந்தார்கள். அருள் வந்த ஆளைத் தொடுகிற வழக்கம் அங்கே கிடையாது.

முத்துத்தாய் வாயைத் திறந்தாள். அரிவாள் போய்விடுமே என்று ஒரு கணம் தயங்கினாள். பாவி மகள், அந்த ஒரு கணத்தில் அவர் பின்மண்டை பலிபீடத்துக் கல்லில் மோதியது.

அப்போதும் யாரும் கிட்டே போகவில்லை. எழுந்து குறி சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவள் ஓடிப்போய்த் தலையைக் கையில் ஏந்தினாள்.

"சாமி இல்லய்யா, தலசுத்து. தூக்குங்கய்யா."

"சாமியத் தொடாத ஆத்தா" என்று அவளைத்தான் பிடித்து இழுத்தார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உயிர் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அவள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்தவள் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்றார்கள். கருப்பே வந்து கூட்டிப்போன வீடு என்று, அரிவாளை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.