சொம்பில் ஒரு கடல்

மதுக்கரைக்கு முன்னால், எஸ்.டி.டி. பூத் ஓரமாகப் பேருந்துக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிர்த் தோட்டத்தில் போர்வெல் போடும் லாரி உறுமுகிறது. நடந்து போய்ப் பார்க்கிறேன். குழியிலிருந்து தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தூள் பீறிட்டுத் தென்னம்பிள்ளைகள் மேல் படிகிறது. தோட்டக்காரம்மா பித்தளைச் சொம்போடு காலையிலிருந்து நிற்கிறார். முதல் தண்ணீரைப் பிடித்துக் குலசாமிக்கு ஊற்ற வேண்டுமாம்.

தூளை அள்ளித் தேய்த்துப் பார்க்கிறேன். சுண்ணாம்புப் பாறை.

"ஏனுங்க, நீங்க தண்ணி பாக்கறவருங்களா? வருமுங்களா?"

"இல்லீங்கம்மா. கடலடிச் சேத்தை எடுத்து, பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால மழை எப்படிப் பெஞ்சுதுன்னு பாக்கறவன். இன்னைக்கு எங்க தண்ணி இருக்குன்னு தெரியாது."

சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது. அதனால் சேர்த்துச் சொல்கிறேன்: "ஆனா இந்தக் கல்லு ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்ததுங்க."

"இங்கீங்களா?" வெடித்துக் கிடக்கும் வயலைத் திரும்பிப் பார்க்கிறார். ஒரு சிட்டிகையை நாக்கில் வைக்கிறார். "உப்பே கரிக்கலீங்களே."

"பூமிக்குள்ள வெந்துபோச்சுங்கம்மா. ஒரு சிப்பிகூட மிஞ்சலை." இந்தக் கல்லில் ஒரு சிப்பித் தடமாவது கிடைக்காதா என்று படிக்கிற காலத்திலிருந்து நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லாரியின் உறுமல் நிற்கிறது. கடைசிக் குழாயும் இறங்கியாகிவிட்டது, தூளில் ஈரமில்லை. என் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

அந்த அம்மா குனிந்து, சொம்பு நிறைய வெள்ளைத் தூளை அள்ளுகிறார்.

"கடலுன்னு சொன்னீங்கல்லங்க. இதையே கொண்டுபோய் வெச்சுப்போட்டு வாரேனுங்க. சாமிக்காச்சும் ஞாபகம் வரட்டும்."